சீப்பு நானாவின் ஜோடி நட்சத்திரம்

பெர்லிஸிலிருந்து ஜொகூர் வரை மலாயாவைச் சல்லடை போட்டுச் சலித்தாலும், தலையில் ஒரு முடிகூட இல்லாமல் சட்டைப் பையில் எப்போதும் சீப்பு வைத்திருந்த மனிதர் ஒரே ஒருவர்தான் கிடைப்பார். அவர் மலாக்காவில், காஜா பெராங்கில், எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு. கடைப் பலகையில் அவருடைய நிஜப் பெயர் எழுதியிருந்தது. தபால்காரர் உட்பட அதை யாரும் படித்ததில்லை. நானா என்பது எங்கள் ஊர்த் தமிழ் முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் சொல். இந்து, முஸ்லிம், சீனர், மலாய்க்காரர் எல்லாருக்கும் அவர் சீப்பு நானா.

சீப்பு எதற்கு என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் போச்சு. கேட்டவர் தலையைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்துவிடுவார்.

"வெளிச்சம்ங்கறது குளிச்சிட்டு வந்த தலை மாதிரி. எல்லாப் பக்கமும் பிச்சிக்கிட்டு நிக்கும்." இதைச் சொல்லிக்கொண்டே கேட்டவரின் முடியைக் கலைப்பார். அடுத்து, கைக்குட்டையில் சுற்றி வைத்திருக்கும் ஒரு கறுப்புத் தகட்டை எடுப்பார். "இந்தத் தகடு ஒரு சீப்பு. வெளிச்சத்த ஒரே பக்கமா வாரி விட்டுரும்." சீப்பால் வாருவார். "தண்ணியில, கண்ணாடியில, பொகையில பட்டுத் தெறிச்சு வர்ற வெளிச்சம் இருக்கே, அது ஏற்கனவே வாரின தலை. வாரின தலையில சீப்பக் குறுக்க வச்சு இழுத்தா?" குறுக்கே வைத்து இழுப்பார். கேட்டவர் "ஐயோ!" என்பார். "சிக்கிக்கிச்சில்ல? அதான் இருட்டு!"

பால்காரர், பள்ளிக்கூட வாத்தியார், வீட்டு வாடகை வாங்க வந்த சீன முதலாளி தவுக்கே, ஒரு தடவை போலீஸ் இன்ஸ்பெக்டர் என்று எத்தனையோ பேருடைய கிராப்பு அந்தக் கடையில் சீரழிந்தது. நான் வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். தினமும் காலையில் அரை மணி நேரம் செலவழித்துப் பின்னிய தலையோடு அவர் கடையைத் தாண்டும்போது ஓட்டமும் நடையுமாகத்தான் போவேன்.

அந்தத் தகடு வந்த கதையைச் சொல்ல வேண்டும். ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் தன் வெயில் கண்ணாடியின் காது உடைந்துபோனதென்று ரிப்பேருக்குக் கொடுத்தான். திரும்பி வரவே இல்லை. நானா ஒரு வருஷம் முழுக்கக் காத்திருந்தார். பிறகு ஒரே ஒரு கண்ணாடியை மட்டும் கழற்றிக்கொண்டு, மீதி ஃபிரேமை "சொந்தக்காரர் வந்தால் ஒரு கண் கொடுக்கப்படும், மற்றது கடன்" என்று சீட்டு எழுதி ஆணியில் மாட்டினார். அந்தச் சீட்டு தமிழில் இருந்தது.

அன்றிலிருந்து உலகத்தை ஒற்றைக் கண்ணில் தகட்டை வைத்துத் திருப்பித் திருப்பித்தான் பார்த்தார். பாசாரில், அதாவது சந்தையில், மீன்மேல் தண்ணீர் தெளித்து மினுக்குக் காட்டுவார்கள் அல்லவா? தகட்டைத் திருப்பினால் அந்த மினுக்கு மறைந்து, அடியில் இருக்கும் அசல் நிறம் தெரிந்துவிடும். "இது முந்தாநாள் மௌத்தாப் போன மீனுங்க" என்று நடு பாசாரில் சத்தமாக அறிவித்தார். மறுவாரம் முதல், தகட்டை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வரலாம் என்று மீன்காரர்கள் அவருக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள்.

இதோடு நின்றிருந்தால் அவர் எங்கள் தெருவுக்கு மட்டும் சொந்தமான கிறுக்காக இருந்திருப்பார். வானத்துக்கும் சேர்த்துக் கிறுக்காக ஆனதற்குக் காரணம் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு பெட்டி. அதில் ஃபிரேம்களைச் சுற்றியிருந்த பழைய காகிதங்களில் ஏதோ இங்கிலீஷ் விஞ்ஞானப் பத்திரிகையின் இரண்டு பக்கம் இருந்தது. மூன்றாவது பக்கம் எந்த ஊர்க் கடையில் எந்த ஃபிரேமைச் சுற்றிப் போனதோ தெரியாது. கிடைத்த இரண்டு பக்கத்தை என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொன்னார். படித்துச் சொன்னேன். அந்தப் பாவம் என்னுடையது.

அபிஜித் என்கிறோமே, அந்தப் பிரகாசமான நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் தள்ளி மங்கலாக ஒன்று இருக்கிறது. பார்வைக்கு ஒன்று, உண்மையில் இரண்டு. இரண்டும் ஒன்றையொன்று ஒட்டி உரசிக்கொண்டு சுற்றுகின்றன. ஒரு சுற்றுக்குப் பதின்மூன்று நாள். ஒன்றின் உடம்பிலிருந்து ஆவி கிளம்பி மற்றதன்மேல் வழிகிறது. அந்த ஆவிப் புகையில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் வாரின வெளிச்சமாக வரும். அதை ஒரு தகட்டால் சோதித்தால், கண்ணுக்கே தெரியாத அந்தப் புகை எந்த வடிவில் சூழ்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். இரண்டாம் பக்கம் இந்த இடத்தில் முடிந்துவிட்டது.

"அல்லாவே! ஒண்ணு இன்னொண்ணோட சோத்தப் புடுங்கித் திங்கிது, அத இங்க காஜா பெராங்குல ஒக்காந்து நான் பாக்கலாங்கறாஹ!" என்றார் நானா. அவர் கண் கலங்கியிருந்தது. மனைவி காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது அவருக்கு. பிள்ளைகள் இல்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பாகவே அட்டையைச் சுருட்டி, கடையிலிருந்த வில்லைகளை இரண்டு முனையிலும் செருகி ஒரு தொலைநோக்கி செய்துவிட்டார்.

செய்தார், சரி. தலையைத் தூக்கினால்தானே நட்சத்திரம் தெரியும்? முப்பது வருஷமாகக் குனிந்து கண்ணாடி தேய்த்ததில் நானாவின் கழுத்து மேலே போகாது. விமானம் பறந்தால்கூட, சத்தத்தைக் கேட்டுவிட்டு "நல்லாப் போவுது" என்று சொல்கிற ஆள். அதற்கும் அவரே வழி கண்டார். ஒரு சதுரக் கண்ணாடியின் முதுகில் கறுப்புப் பெயின்ட் அடித்து, கடையின் பின்கட்டில் திறந்தவெளியில் ஒரு மேஜைமேல் சாய்வாக நிறுத்தினார். வானம் அதில் விழுந்தது. வடக்கே பார்த்து உட்கார்ந்து, கழுத்தை ஒரு அங்குலமும் அசைக்காமல், கண்ணாடிக்குள் தெரிந்த நட்சத்திரத்தைத் தொலைநோக்கியால் பிடித்து, கண் முனையில் தகட்டை வைத்துத் திருப்பினார்.

நட்சத்திரம் மறைந்தது. திருப்பினார், வந்தது. மறுபடி திருப்பினார், மறைந்தது.

கைலியோடு தெருவுக்கு ஓடிவந்து அவர் போட்ட சத்தத்தில் எங்கள் அம்மா திருடன் என்று நினைத்து அகப்பையைத் தூக்கிக்கொண்டாள். "ஒரு முடி விடாம வாரியிருக்கு தங்கச்சி! முழுக்க முழுக்க வாரின வெளிச்சம்!"

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிற நேரம் அது. தெருவெங்கும் தோரணம் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். தோரணத்தைவிட அதிகமாக ஒரு கேள்வி தொங்கிக்கொண்டிருந்தது: "நீங்க இங்கியா, ஊருக்கா?" டீக்கடையில், பஸ்ஸில், கல்யாண வீட்டில் எங்கே போனாலும் இதே பேச்சு. நாகப்பட்டினத்திலிருந்து நானாவின் அண்ணன் மாதம் ஒரு கடிதம் போட்டுக்கொண்டிருந்தார். தனியாக அங்கே என்ன செய்கிறாய், கடையை விற்றுவிட்டுக் கப்பல் ஏறு என்பார். "எனக்கு இங்க ஒரு வேல இருக்குன்னு எழுதிட்டேன்" என்றார் நானா என்னிடம். கண்ணாடிக் கடையைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் நட்சத்திரத்தைச் சொன்னார்.

"அந்த வேல பொய்யின்னு ஆயிருச்சுன்னா?" என்று கேட்டேன்.

"அப்ப இங்க எனக்கு என்னா இருக்கு? கப்பல் டிக்கட்தான் தங்கச்சி." சிரிக்காமல் சொன்னார்.

சிங்கப்பூருக்கு வந்திருந்த ஒரு வெளிநாட்டு வான சாஸ்திரப் பேராசிரியரைப் பற்றிப் பேப்பரில் இரண்டு வரி செய்தி வந்திருந்தது. நானா அவருக்கு எழுத வேண்டும் என்றார். அவர் தமிழில் சொல்ல, நான் இங்கிலீஷில் டைப் அடித்தேன். "கனம் பொருந்திய ஐயாவுக்கு, நானும் என் நட்சத்திரமும் நலம், தங்கள் நலமும் தங்கள் நட்சத்திரங்களின் நலமும் அறிய ஆவல்" என்று ஆரம்பித்தார். அதில் பாதியை நான் விழுங்கிவிட்டேன். பதில் வராது என்று நிச்சயமாக நம்பினேன்.

பதில் வந்தது. காரில் வடக்கே போகிற வழியில் மலாக்காவில் ஒரு நாள் தங்கப் போவதாகவும், கருவியைப் பார்க்க ஆசை என்றும் எழுதியிருந்தார் அந்த மனிதர். கடைசியில் ஒரு வரி: வேறு எந்தெந்த நட்சத்திரங்களைச் சோதித்தீர்கள்?

"இது என்னா கேள்வி?" நானாவுக்குக் கோபம். "ஒருத்தனுக்குக் காய்ச்சல்னு டாக்டரக் கூப்பிட்டா, தெருவுல உள்ள எல்லார் நெஞ்சுலயுமா கொழாய வைப்பாரு? நமக்கு ஒரு நட்சத்திரம். அது போதும்." அந்த வரிக்குப் பதிலே எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார். டீக்கடை முழுக்கச் செய்தி பரவியது. காஜா பெராங்குக்குப் பேராசிரியர் வருகிறார் என்று, அதுவரை கேலி பண்ணிக்கொண்டிருந்தவர்கள்கூட நானாவுக்கு ஓசியில் டீ கொடுத்தார்கள்.

இப்போது பிபிக்கை அறிமுகப்படுத்த வேண்டும். பக்கத்தில் கம்போங் செட்டியிலிருந்து பலகாரம் விற்க வரும் அம்மாள் அவள். தலைமுறைகளாக மலாய் பேசும் மலாக்காச் செட்டி இந்துக்களில் ஒருத்தி; நெற்றியில் விபூதி, கழுத்தில் தாலி, வாயில் மலாய். தமிழில் சாமி பெயர்கள் மட்டும் சுத்தமாக வரும். நானா ராத்திரி இஷாத் தொழுகைக்குப் போகும்போது கடையை அவளிடம்தான் விட்டுப் போவார். பேராசிரியர் வருவதற்கு ஒரு வாரம் முன்பு, தொழுகை நேரத்தில், எதிர் மாடியிலிருந்த என்னைப் பார்த்துப் பிபிக் கையை வீசிக் கூப்பிட்டாள்.

போனேன். மேஜைமேல் கை ஊன்றும்போது அவள் முழங்கை பட்டுத் தொலைநோக்கி நகர்ந்திருக்கிறது. நானாவின் மங்கல் நட்சத்திரம் போய், அதன் பக்கத்திலிருக்கும் அபிஜித் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. சும்மா இராமல் பிபிக் தகட்டையும் திருப்பிப் பார்த்திருக்கிறாள்.

"பிந்தாங் பெசார் பொன் ஹிலாங்!" என்றாள். பெரிய நட்சத்திரமும் காணாமல் போகிறதாம். "லூ தெங்கோக்!" நீயே பார் என்று என் கழுத்தைப் பிடித்து உட்கார வைத்தாள்.

பார்த்தேன். திருப்பினேன். மறைந்தது. தொலைநோக்கியை இன்னும் கொஞ்சம் நகர்த்தி, பெயர் தெரியாத ஒன்றைப் பிடித்தேன். அதுவும் மறைந்தது. கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் ஏற்கனவே வாரின தலை என்று ஊரில் ஒரு தலை பாக்கியில்லாமல் பாடம் எடுத்தவர் நானா. வாரியது நட்சத்திரம் இல்லை. மேஜைமேல் அவரே பெயின்ட் அடித்து வைத்திருந்த கறுப்புக் கண்ணாடி.

பிபிக்குக்கும் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் காட்டி உதட்டைப் பிதுக்கினாள். நானா திரும்பி வரும் செருப்புச் சத்தம் கேட்டதும் இரண்டு பேரும் திருடிகளைப்போல் நின்றோம். "என்னா, நட்சத்திரம் சௌக்கியமா?" என்றார். "சௌக்கியம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் கப்பல். சொல்லாவிட்டால் பேராசிரியர் முன்னால், தெரு முழுக்க வேடிக்கை பார்க்க, மானம் போய், அப்புறம் கப்பல். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் அந்த மனிதர் போய்விடுவார் என்றே வந்தது. அவரை எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறேன்! அவர் கடைக் கதவு திறக்கும் சத்தம் இல்லாமல் எங்கள் வீட்டில் விடிந்ததே இல்லை என்பது எனக்கு அந்த மூன்று நாளில்தான் உறைத்தது. நான்காம் நாள் பிபிக் எங்கள் மாடிப்படியில் வந்து நின்று, "லூ தாகுட்?" என்று கேட்டாள். பயமா என்று கேட்கிறாள். பயம்தான். ஆனாலும் போனேன்.

"நானா, எனக்காக ஒரே ஒரு தடவ பக்கத்து நட்சத்திரத்தப் பாருங்க. வேற ஒண்ணும் நான் சொல்லல."

என் முகத்தைப் பார்த்தார். டாக்டர் கதையை இந்தத் தடவை சொல்லவில்லை. உட்கார்ந்து அபிஜித்தைப் பிடித்துத் தகட்டைத் திருப்பினார். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஏழாவது நட்சத்திரத்துக்குப் பிறகு தகட்டைக் கைக்குட்டையில் சுற்றினார். கறுப்புக் கண்ணாடியை ஒரு விரலால் தட்டினார்.

"நீயாடா?" என்றார் அதனிடம்.

மறுநாள் கடை திறந்தது, ஆனால் சீப்பு வெளியே வரவில்லை. வேண்டுமென்றே தலையைப் பரட்டையாக விட்டுக்கொண்டு அவர் முன்னால் இரண்டு தடவை நடந்தேன். ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சாயங்காலம் கூப்பிட்டார். "நாகப்பட்டினம் கப்பல் எப்பன்னு ஒங்க ஆபீசுல கேட்டுச் சொல்றீங்களா தங்கச்சி?"

"கேட்டுட்டேன் நானா. இந்த மாசக் கப்பல் நெரம்பிருச்சாம்" என்றேன். வாய் கூசாமல் பொய் சொன்னேன். "பேராசிரியர வர வேணாம்னு எழுதிரட்டுமா?"

"சே! ஒருத்தர வாங்கன்னு கூப்பிட்டுட்டுக் கதவச் சாத்துறது மொறையில்ல. வரட்டும். நானே சொல்றேன்."

பேராசிரியர் வந்த அன்று தெருவே கடை வாசலில் நின்றது. காரிலிருந்து ஒட்டடைக் குச்சி உயரத்துக்கு ஒரு வெள்ளைக்காரர் இறங்கினார். நானா நீளச் சட்டை போட்டு, அத்தர் பூசி, வாசலுக்கு வந்து கையை நீட்டி, இரண்டு நாளாக என்னிடம் மனப்பாடம் செய்த இங்கிலீஷில் அவரை வரவேற்றார்:

"ஐயா, நான் எழுதியது தப்பு. தயவுசெய்து உள்ளே வாருங்கள்."

பேராசிரியர் திகைத்துப்போய் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவரை உள்ளே கூட்டிப்போய், இருட்டும் வரைக்கும் பிபிக்கின் பலகாரத்தைச் சாப்பிட வைத்து, பிறகு தன் தப்பை நட்சத்திரம் நட்சத்திரமாகக் காட்டினார் நானா. எங்கே ஏமாந்தேன், எதை மறந்தேன், யார் கண்டுபிடித்தது என்று எல்லாம் சொல்லி, பிபிக்கை முன்னால் தள்ளி நிறுத்தினார். நான் இங்கிலீஷ் பண்ணினேன். பேராசிரியர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரித்தார். அவரே இளவயதில் ஒரு குளிர்காலம் முழுக்க நட்சத்திரம் என்று நினைத்துத் தன் கருவியின் கோளாறையே அளந்துகொண்டிருந்தாராம். டீக்கடைக்காரர்களுக்கு அதைத் தமிழில் சொன்னபோது கூட்டத்தில் ஒரு நிம்மதி பரவியது.

பிறகுதான் அவர் அடுத்த குண்டைப் போட்டார். அந்த ஜோடி நட்சத்திரத்தின் வெளிச்சம் வாரியிருப்பது உண்மை. ஆனால் நூறு முடியில் ஒரு முடி அளவுகூட இராது. எவ்வளவு நல்ல கண்ணாக இருந்தாலும் மனிதக் கண்ணுக்கு அது தெரியாது. தொலைந்துபோன மூன்றாம் பக்கத்தில் அதுதான் இருந்திருக்க வேண்டும்.

நானா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிபிக் என்னை இடித்தாள். வேறு வழியில்லாமல் சொன்னேன். "கண்ணால முடியாதாம் நானா. யார் கண்ணாலயும் முடியாதாம்."

நானா வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார்.

"கண்ணால முடியாதுன்னா, வேற எதால முடியுமாம்?" என்றார்.

கேட்டேன். வெளிச்சம் பட்டால் மின்சாரம் தரும் ஒரு சிறு குழாய் இருக்கிறது, அதைக் கண்ணுக்குப் பதிலாக வைத்தால் அளக்கலாம், ஆனால் கடினமான வேலை, வருஷக்கணக்கில் ஆகும் என்றார் பேராசிரியர்.

"அது எங்க கெடைக்கும்?"

சினிமாக் கொட்டகை மெஷினில் படத்தின் சத்தத்தைப் படிக்க அப்படி ஒன்று இருக்கும் என்றார் அவர். நானா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "டேய், கொட்டகையில படம் ஓட்டுறவன் யாருக்குடா பழக்கம்?" நான்கு கை உயர்ந்தது.

பேராசிரியரின் கார் கிளம்பிய பிறகு என் பக்கம் வந்தார். "தங்கச்சி, அண்ணனுக்கு ஒரு லெட்டர் எழுதிப் போடுங்க. இந்த மாசக் கப்பல் நெரம்பிருச்சு, அடுத்த மாசமும் நெரம்பிரும் போலருக்குன்னு." பொய் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கொட்டகைக்காரர்கள் கழித்துப் போட்ட குழாய் ஒன்று அவருக்குக் கிடைத்தது. டார்ச் லைட்டுக்கு அது கண் விழித்தது. நட்சத்திரத்துக்குக் கடைசிவரை விழிக்கவில்லை. பெரிய பெரிய தொலைநோக்கிகளை வைத்து அந்த ஜோடியைச் சுற்றியிருக்கும் புகையின் வடிவத்தையே இப்போது சொல்லிவிட்டார்கள் என்று சமீபத்தில் ஒரு பத்திரிகையில் படித்தேன். நட்சத்திரத்தைப் பற்றி நானா நினைத்தது சரிதான். படித்ததும் மாடியிலிருந்து இறங்கி எதிர்க் கடைக்கு ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவரும் இல்லை, அந்தக் கடையும் இல்லை.

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. இருந்திருந்தாலும் அவ்வளவு பிரியமாக இருந்திருப்பேனா என்பது சந்தேகம். அவர் கண்மூடும் வரை மாதா மாதம் நான்தான் நாகப்பட்டினத்துக்குக் கடிதம் எழுதினேன். ஒரு கப்பலில்கூட எங்கள் நானாவுக்கு இடம் கிடைக்காமல் பார்த்துக்கொண்டேன்.